நான்காமவர் போன பின்: ஆர்.ஈ.எம். அல்பங்கள் பற்றி

ஆர்.ஈ.எம். என்ற அமெரிக்க ரொக் இசைக்குழு 1983 முதல் 2011 வரை 15 ஸ்ரூடியோ அல்பங்களை வெளியிட்டது. அவற்றுள் எது சிறந்தது என்ற விவாதம் அக்குழுவின் இரசிகர்களிடையே இன்றும் ஓயவில்லை. முதலாவது அல்பமான 'மேர்மர்' என்பர் ஒரு சாரார். 1992 இல் வந்த 'ஓட்டோமற்றிக் ஃபோர் த பீப்பிள்' என்பர் மறு சாரார். நெடுங்காலம் நான் இரண்டாவது கட்சியில்தான் இருந்தேன். இப்போது அந்தக் கட்சியை விட்டு வெளியேறிவிட்டேன். அதற்கான காரணத்தைச் சொல்வதே இந்தக் கட்டுரை.

1993 ஆம் ஆண்டு. கொழும்பில் ஒரு தமிழ் நாளேட்டின் ஆசிரிய பீடத்தில் இரவுப் பணியில் நாங்கள் நால்வர். செய்தி எழுதுபவர் ஒருவர், மொழிபெயர்ப்பவர் ஒருவர், பக்கம் அமைப்பவனாக நான். நான்காமவர் ஒப்புநோக்குநர். வயதில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் அண்ணை என்றே அழைப்போம். ரொறன்ரோவில் இருந்த அவருடைய தம்பி, இலங்கைக்கு வருவோரிடம் ஒலிநாடாக்களைக் கொடுத்தனுப்புவார். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போன பின், முதற்பிரதி கைக்கு வரும்வரை ஒரு பழைய ரேப் ரெக்கோடரில் அவற்றைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

'ஓட்டோமற்றிக்' எனக்கு அறிமுகமானது அப்படித்தான். முதுமை, மரணம், பிரிவு, கடந்துபோன இளமை ஆகியவையே அதன் பாடுபொருள். அதை உருவாக்கியவர்கள் அப்போது முப்பதுகளில் இருந்தவர்கள். நான்கு பாடல்களுக்கு லெட் செப்பலின் குழுவின் ஜோன் போல் ஜோன்ஸ் நரம்பிசை அமைத்திருந்தார். எனக்கோ பாடகர் மைக்கல் ஸ்டைப்பின் குரலன்றி வேறெதுவும் காதில் விழவில்லை. அதைக் கவனித்த அண்ணை ஒருநாள் சொன்னார்: "தம்பி, பாடுறவரைக் கொஞ்சம் விட்டிட்டு, பின்னாலை இருந்து அடிக்கிறவரைக் கேளும்."

அவர் பாடசாலை நாட்களில் பாண்ட் வாத்தியக் குழுவில் மேளம் வாசித்தவர். பின்னால் நிற்பவனின் சிரமம் அவருக்குத் தெரியும்.

அவர் சொன்னபடி கேட்பதற்கு ஏற்றது 'மேர்மர்' தான். 1980 இல் ஜோர்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் என்னும் பல்கலைக்கழக நகரில் தொடங்கிய குழுவின் முதல் முழு அல்பம் அது. அதில் ஸ்டைப் பாடும் சொற்களில் பாதி எவருக்கும் விளங்குவதில்லை. 'முணுமுணுப்பு' என்ற பெயர் அதற்குச் சாலப் பொருந்தும். சொல் விளங்காதபோது காது வேறு இடங்களுக்குப் போகிறது. பீற்றர் பக்கின் கிற்றார் நரம்புகள் தனித்தனியே ஒலிப்பதும், மைக் மில்ஸின் பேஸ் கிற்றார் ஒரு தனி மெட்டையே பாடுவதும், இவற்றுக்கடியில் பில் பெரியின் ட்ரம்ஸ் ஆரவாரமின்றி எல்லாவற்றையும் தாங்குவதும் அப்போது கேட்கும். மைக்கல் ஜாக்சனின் 'திரில்லர்' உலகையே ஆண்ட 1983 இல், 'ரோலிங் ஸ்டோன்' சஞ்சிகை 'மேர்மரை' அவ்வாண்டின் சிறந்த அல்பமாகத் தெரிவு செய்தது.

இக்குழு தன் பாடல்களை நால்வரின் பெயரிலும் சமமாகவே வெளியிட்டது. யார் எதைச் செய்தார் என்று அட்டையைப் பார்த்து அறிய முடியாது. 'மேர்மரில்' உள்ள 'பேர்ஃபெக்ற் சேர்க்கிள்' என்ற மென்மையான பாடலின் இசை பெரும்பாலும் பெரியினுடையது என்று பின்னர் வாசித்தறிந்தேன். 'ஓட்டோமற்றிக்கில்' உலகமே அறிந்த 'எவ்ரிபொடி ஹேர்ட்ஸ்' பாடலின் பெரும்பகுதியும் அவருடையதே. ஆனால் அந்தப் பாடலின் பெரும்பகுதியில் அவருடைய ட்ரம்ஸ் இல்லை. ஓர் எளிய தாள இயந்திரம்தான் அங்கே ஒலிக்கிறது. பாடலுக்குத் தன் கைவேலை தேவையில்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தெரிந்தவர் அவர்.

1994 இல் வந்த 'மொன்ஸ்ரர்' இரைச்சல் மிகுந்தது. அதற்கான உலகச் சுற்றுலாவின்போது, 1995 மார்ச் முதலாம் திகதி சுவிற்சர்லாந்தின் லோசான் நகர மேடையில் பெரிக்கு மூளை இரத்தக் குழாய் வீக்கத்தால் ஆபத்து நேர்ந்தது. சத்திரசிகிச்சை பெற்று மீண்டு, அதே சுற்றுலாவைத் தொடர்ந்தார். அந்தப் பயணத்தின் இடையிடையே மேடைகளிலும் ஒத்திகைகளிலும் பதிவானவற்றைக் கொண்டு உருவாகியது 1996 இன் 'நியூ அட்வெஞ்சர்ஸ் இன் ஹை-ஃபை'. மறு ஆண்டு ஒக்ரோபரில் பெரி விலகினார். சண்டை எதுவுமில்லை. பயணமும் புகழும் போதுமென்றாகிவிட்டது. தான் போவதால் குழு கலையுமென்றால் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், பின்னர் விவசாயத்தில் இறங்கினார்.

மூவராக அவர்கள் வெளியிட்ட முதல் அல்பம் 1998 இன் 'அப்'. தாள இயந்திரங்களும் விசைப்பலகைகளும் நிறைந்த அதில் ஒரு துணிவு இருந்தது. இல்லாதவரின் இடத்தை அவர்கள் மறைக்க முயலவில்லை. 2001 இல் வந்த 'ரிவீல்' இனிமையானது. 2004 இன் 'அரவுண்ட் த சன்' கேட்டபோதுதான் எனக்குத் திக்கென்றது. வாசிப்பில் பிழையில்லை, ஒலிப்பதிவில் குறையில்லை. ஆயினும் பாடல்கள் நகரவில்லை. "இது போதும், இதற்கு மேல் வேண்டாம்" என்று சொல்ல அறையில் ஒருவர் இல்லாதது போலிருந்தது. பீற்றர் பக்கே பின்னாளில் அந்த அல்பம் மீதான தன் அதிருப்தியை மறைக்கவில்லை. நியாயமாகச் சொல்வதானால், 1987 முதல் ஆறு அல்பங்களைக் குழுவுடன் சேர்ந்து தயாரித்த ஸ்கொட் லிற்றும் 'அப்' தொடங்கி இல்லை. இழப்பு முழுவதையும் பெரியின் கணக்கில் எழுத முடியாது.

எனக்குத் திக்கென்றதற்கு வேறு காரணமும் உண்டு. 2002 இல் ஏ-9 பாதை திறந்ததும் தாயாரைப் பார்க்க யாழ்ப்பாணம் போன அண்ணை, வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். கணக்கு முடிக்க வந்த நாளில், அவருடைய மனச்சுமையைக் குறைப்பதாக நினைத்து, "உங்கட வேலையை ஆரும் செய்வினம் அண்ணை, யோசியாதேங்கோ" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

அவருடைய இடத்துக்கு வந்தவர் திறமைசாலி. எழுத்துப் பிழை ஒன்றையும் விடமாட்டார். ஆனால் எங்கள் பத்திரிகையில் ஒருநாள், இறந்தவரின் பெயருக்கு மேலே உயிரோடிருந்த அவருடைய சகோதரரின் படம் வெளியாகியது. பக்கத்தை அமைத்தவன் நான். பிழையும் என்னுடையதே. அண்ணை இருந்திருந்தால், மெய்ப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "தம்பி, இந்தப் படம் ஆருடையது?" என்று கேட்டிருப்பார். அவர் அத்தனை ஆண்டுகளும் எழுத்தை மட்டும் திருத்திக்கொண்டிருக்கவில்லை என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

மூவரும் 2008 இல் 'அக்சிலரேட்' மூலம் ஓரளவு மீண்டனர். 35 நிமிடங்களுக்கும் குறைந்த, வேகமான அல்பம் அது. 2011 இல் 'கொலப்ஸ் இன்ரு நவ்' வெளியிட்டு, அதே ஆண்டு செப்ரெம்பரில் பகையின்றிக் கலைந்தனர். 2024 ஜூனில் நியூயோர்க்கில் பாடலாசிரியர் கௌரவ மண்டப விழாவில் நால்வரும் சேர்ந்து 'லூசிங் மை ரிலிஜன்' பாடலை வழங்கினர்.

அந்தக் காணொளியைப் பார்த்த இரவு யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அண்ணைக்கு எழுபது தாண்டிவிட்டது. நால்வரும் மேடையேறிய செய்தியைச் சொன்னேன்.

"அடிக்கிறவரும் வந்தவரோ?"

"வந்தவர் அண்ணை."

பிறகு 2002 இல் சொன்ன வார்த்தைக்காக மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. "அது எனக்கு நினைவிருக்கு தம்பி. ஆனால் நீர் நல்லெண்ணத்திலைதான் சொன்னனீர்" என்றார்.

எந்த அல்பம் சிறந்தது என்று இன்று என்னைக் கேட்டால், 'நியூ அட்வெஞ்சர்ஸ் இன் ஹை-ஃபை' என்பேன். 'ஓட்டோமற்றிக்' அதைவிடச் செம்மையானது, 'மேர்மர்' அதைவிடப் புதுமையானது. ஆனால் நால்வரும் ஒரே அறையில் வேலை செய்த கடைசி முறை அதுதான். இப்போது அதைக் கேட்கும்போது, பாடுபவரை விட்டுவிட்டு மற்றவரைத்தான் முதலில் கேட்கிறேன்.