உடைந்த காலும் ஞாயிற்றுக்கிழமையும்

போன மாதம் சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்தில் எங்கள் காலனிப் பையன் ஒருவனும் எங்களோடு வந்தான். சிங்கப்பூர் வேலைக்கு ஸ்கில் டெஸ்ட் அடித்துவிட்டான். கடலூரில் ஏஜெண்டைப் பார்த்து மீதிப் பணத்தைக் கட்டப் போகிறான். அவன் அம்மாவின் தோடும் மூக்குத்தியும் அடகில் இருப்பது எங்களுக்குத் தெரியும். புதுச்சத்திரம் தாண்டும்போது மெதுவாகக் கேட்டான்: “அண்ணே, அங்க அடிகிடி பட்டா என்னண்ணே பண்ணுவாங்க?”

எங்களில் சின்னவன் பதில் சொல்லாமல் தன் வலது கணுக்காலைத் தடவிக்கொண்டான். ஆலப்பாக்கம் தாண்டியும் பேசினோம். கடலூர் வந்துவிட்டது, பேச்சு முடியவில்லை. பேருந்தில் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறோம். அவனைப் போல இன்னும் நிறையப் பேர் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் அண்ணன் தம்பி இருவர். காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரித் தண்ணீரில் நெல் விளையும் ஊர். அந்த ஊரின் காலனி எங்களுடையது. அப்பா சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் உருவாக்கிய நந்தனார் பள்ளியில் சில வருடம் படித்தவர். பிறகு வீட்டுக் கடன் அவரைப் பண்ணை வேலைக்கு இழுத்துக்கொண்டது. ஒரு அறுப்புக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய வண்டியின் சக்கரம் அவர் காலில் ஏறி இறங்கியது. ஆயா மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டியது. நாலாம் நாள் ஆண்டை வீட்டு ஆள் வாசலில் வந்து நின்றான். “காலுதானே போச்சு, கை இருக்குதில்ல?” என்று கேட்டான். அப்பாவைக் களத்தில் உட்கார வைத்துக் கயிறு திரிக்கச் சொன்னார்கள். வேலைக்குப் போகாத மூன்று நாளும் கடன் கணக்கில் ஏறியது. அவர் சாகும்வரை ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்தார்.

இந்த நாட்டில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1923இல். அது எங்கள் அப்பாவின் களத்துக்கு வந்து சேரவே இல்லை. அதனால் எங்களுக்குப் பரம்பரையாகக் கிடைத்த பாடம் ஒன்றுதான்: அடிபட்டாலும் வேலைக்குப் போய்விடு. படுத்தால் கடன் ஏறும்.

அந்தப் பாடத்தைத்தான் சிங்கப்பூருக்கும் கொண்டுபோனோம்.

2022 ஆகஸ்டில் சாரத்திலிருந்து இறங்கும்போது பலகை நழுவிச் சின்னவன் விழுந்தான். வலது கணுக்கால் உடைந்தது. தகடும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி மருத்துவர் எம்.சி. கொடுத்தார். எம்.சி. என்றால் மருத்துவ விடுப்புச் சீட்டு. சூப்பர்வைசர் ரூமுக்கு வந்து, “படுத்துக் கெடந்தா சம்பளம் கொறையும். லைட் டியூட்டி எழுதி வாங்கிக்க, ஸ்டோர்ல உக்காந்து போல்ட் எண்ணு” என்றார். நாங்கள் தலையாட்டினோம். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. அப்பா களத்தில் உட்கார்ந்து கயிறு திரித்த மாதிரி சின்னவன் போல்ட் எண்ணினான்.

அந்த ஊரில் தொழிலாளர்களை லாரியின் பின்பக்கத்தில் ஏற்றிப் போவதற்குச் சட்டத்தில் இன்னும் இடமிருக்கிறது. காலை ஆறு மணிக்கு ஊன்றுகோலை மேலே போட்டுவிட்டுப் பெரியவன் தம்பியை இடுப்போடு தூக்கி ஏற்றுவான். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் கணுக்காலில் உயிர் போகும். ஆனால் பேசிக் நாளுக்கு 20 வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்பார்கள்). ஓ.டி. பார்த்தால்தான் ஊருக்கு அனுப்ப ஏதாவது மிஞ்சும். ஏஜெண்ட் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. முறைத்துக்கொண்டால் பெர்மிட்டை ரத்துசெய்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது.

இதில் ஞாயிற்றுக்கிழமை எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். ஆறு நாளும் நாங்கள் கம்பெனியின் ஆட்கள். ஞாயிறு ஒரு நாள்தான் சட்டையை மாற்றிக்கொண்டு, தேக்கா மார்க்கெட் பக்கம் நடந்து, ஊர்க்காரன் முகத்தைப் பார்த்து, மனிதர்களாக இருப்போம். கொரோனாவில் அதுவும் போனது. 2020 ஏப்ரலில் விடுதிக் கதவுகளை மூடினார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் வெளியே வந்து வெகு காலம் ஆன பிறகும் எங்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது. 2022 ஜூன் 24 முதல் மற்ற இடங்களுக்குத் தடை இல்லை. ஆனால் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறை நாளும் போக வேண்டுமானால் அப்போது பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. நாளுக்கு 80,000 பேருக்குத்தான் பாஸ் கொடுத்தார்கள்.

எந்தத் தெருவில் எப்போது நடக்கலாம் என்று கேட்டு நடப்பது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் தாத்தாக்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள். ஆனால் விடுதியில் எங்களோடு இருந்த ஊர்த்தெருத் தம்பிகளுக்கு அது முதல் அனுபவம். “மனுசன் தெருவுல நடக்கறதுக்குமா அனுமதி?” என்று கொதித்தார்கள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அவர்கள் ஊருக்கும் எடுத்துப் போவார்களா என்று மட்டும் நினைத்துக்கொண்டோம்.

ஐந்தாவது வாரம் ஞாயிறு, சின்னவன் பிடிவாதம் பிடித்தான். “படுத்தே கெடந்தா பைத்தியம் புடிச்சிடும்ணே.” பாஸ் எடுத்துக் கிளம்பினோம். துவாஸ் விடுதியிலிருந்து பஸ்ஸில் ஜூ கூன் ஸ்டேஷன், அங்கிருந்து ரயிலில் ஊட்ரம் பார்க், இறங்கி மாறி லிட்டில் இந்தியா. போகவே ஒன்றரை மணி நேரம். நெரிசலில் இரண்டு முறை உடைந்த காலை ஊன்றிவிட்டான். இரவு கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. மறுநாள் மருத்துவர் திட்டிவிட்டு இன்னும் இரண்டு வாரம் சேர்த்து எழுதினார். இது யாருடைய குற்றமும் இல்லை, எங்கள் குற்றம்தான்.

ஆனால் அந்த ஞாயிறு இரண்டு பேரைச் சந்தித்தோம். ஒருவர் எங்கள் தமிழைக் கேட்டுவிட்டு ஆசையாக வந்தார். “காட்டுமன்னார்கோயிலா? எங்களுக்கும் அந்தப் பக்கம்தான். நீங்க எந்தத் தெரு?” என்றார். சொன்னோம். போன் வந்தது போலக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். கடல் தாண்டினால் சாதி தாண்டாது என்று கேட்டதைக் கண்ணால் பார்த்தோம்.

இன்னொருவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். கையில் கட்டு. காயம்பட்டு வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு டிரான்சியண்ட் ஒர்க்கர்ஸ் கவுண்ட் டூ என்ற அமைப்பு லிட்டில் இந்தியாவில் 2008 முதல் இலவசச் சாப்பாடு போடுகிறது. அங்கே சாப்பிட்டுவிட்டு வந்தவர் சின்னவனின் ஊன்றுகோலைப் பார்த்து நின்றார். அவர் தெரு கேட்கவில்லை. “எம்.சி. பேப்பரெல்லாம் வச்சிருக்கீங்களா தம்பி?” என்று கேட்டார். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எங்களுக்குச் சட்டம் சொன்னார்.

அவர் சொன்னதன் சாரம் இது. வேலையில் அடிபட்டால் யார் தவறு என்று பார்க்காமல் இழப்பீடு தரும் சட்டம் அங்கே இருக்கிறது. 2019இல் திருத்தி எழுதப்பட்டு, 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. வெளிநோயாளி விடுப்புக்கு 14 நாள் வரையும், மருத்துவமனை விடுப்புக்கு 60 நாள் வரையும் முழுச் சம்பளம். அதற்குமேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்த நாளிலிருந்து 1 வருடம் வரை. அந்தச் சம்பளம் வெறும் பேசிக் அல்ல. அடிபடுவதற்கு முந்தைய 12 மாதத்தில் ஓ.டி.யும் சேர்த்து வாங்கியதன் சராசரி. லைட் டியூட்டி கொடுத்தாலும் அதே சராசரிப்படிதான் தர வேண்டும். மருத்துவச் செலவு, எங்களுக்கு அடிபட்டபோது இருந்த வரம்பில், 45,000 வெள்ளி வரை முதலாளியின் பொறுப்பு. நிரந்தர ஊனம் இருந்தால் சதவீதம் கணக்கிட்டு மொத்தமாக ஒரு தொகை. 1 வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். வக்கீல் தேவையில்லை.

எந்த ஓ.டி.க்குப் பயந்து சின்னவன் போல்ட் எண்ணினானோ, அந்த ஓ.டி.யைச் சட்டம் ஏற்கெனவே கணக்கில் வைத்திருந்தது. காலைக் கெடுத்த அதே பயணம்தான் இதையும் சொல்லிக் கொடுத்தது.

அதன்பிறகு எங்களுக்குள்தான் சண்டை. பெரியவனுக்கு ஞாயிறு ஓ.டி. கிடைத்தது, இரட்டைச் சம்பளம். சின்னவனால் தனியாக வெளியே போக முடியாது. தம்பியோடு இருப்பதா, காசு பார்ப்பதா? அம்மாவிடம் போனில் சொன்னோம். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னது: “ஒங்கப்பன் மூணு நாளு படுத்ததுக்கு நாம வட்டி கட்டுனோம். நீ மூணு மாசம் படுடா சாமி. நா பாத்துக்கறேன்.”

அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு செய்தோம். ஒரு ஞாயிறு ரூம். காலைப் பையின்மேல் உயர்த்தி வைத்துக்கொண்டு, துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கும் பயிற்சி மூன்று வேளை. அடுத்த ஞாயிறு வெளியே, ஆனால் கூட்டம் ஏறுவதற்கு முன்னே போய், ஓரிடத்தில் உட்கார்ந்து, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது. பெரியவன் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு ஓ.டி.யை விட்டான். சூப்பர்வைசரிடம் பேப்பரைக் காட்டி, எம்.சி. நாளில் லாரி ஏறுவதை நிறுத்தினோம். பாக்கிச் சம்பளம் பல முறை கேட்ட பிறகு வந்தது. நிரந்தரப் பாதிப்புக்கான தொகை வர வருடம் ஆனது. அதில் அம்மாவின் நகை மீண்டது. கணுக்கால் முழுதாக மீளவில்லை. மழை நாளில் வலிக்கும். ஆனால் சின்னவன் நேராக நடக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை தானாக வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு 1890 ஜூன் 10 அன்று அதை வாங்கிக் கொடுத்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே, மகாத்மா ஜோதிராவ் புலேயின் தோழர். பாபாசாகேப் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தார். அந்தக் காலத்தில்தான் ஆலைத் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு விடுமுறையும், வாரத்துக்கு 54 மணி நேரம் 48 ஆகக் குறைந்ததும் நடந்தன. ஓய்வை உரிமை என்று சட்டத்தில் எழுதியது நம் ஆள். அந்த ஓய்வை எடுக்க வெட்கப்படுவதும் பயப்படுவதும் நாம்தான். உடம்பு ஒன்றே சொத்து என்கிறவன் அந்தச் சொத்தைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அடிபட்ட அன்றே சொல்லுங்கள், பார்த்தவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், எம்.சி., சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிவையுங்கள். வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்களுக்குச் சிங்கப்பூரின் இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்குத் தனி விபத்துக் காப்பீடுதான், அதைப் போகும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாவது தேறாமல் இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு இந்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா உண்டு. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய். சிங்கப்பூர் அந்த 18இல் இல்லை.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். பையன் ஏஜெண்ட் ஆபீஸ் பக்கம் திரும்பியவன், மறுபடியும் வந்து நின்றான்.

“அண்ணே, ஞாயித்துக்கெழம லீவு உண்டா?”

“உண்டு. ஆனா கேட்டு வாங்கணும்.”