பத்துப் பேர் கணக்கு

எழுதி ரொம்ப நாளாச்சு. முட்டை விலை ஏறினா எங்க ஆபீஸ்ல ஒரு வேலை, இறங்கினா ரெண்டு வேலை. நாமக்கல்காரனுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. இன்னிக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன். காரணம் கடைசியில சொல்றேன். அதுவரைக்கும் கொஞ்சம் கொச்சி பக்கம் வாங்க.

நம்ம ஊர் முட்டை தினமும் லாரி லாரியா கேரளா போறது உங்களுக்குத் தெரியும். முட்டை போற ஊருக்குப் பின்னாடியே வசூலுக்கும் ஒரு ஆள் போகணும். அந்த ஆள் அடியேன். மாசத்துக்கு ஒரு தடவை எறணாகுளம். கடைக்காரர்கள் "நாளைக்கு வாங்க"ன்னு சொன்னா (எப்பவும் சொல்லுவாங்க) ஒரு நாள் சும்மா கிடைக்கும். அப்படிக் கிடைச்ச ஒரு சனிக்கிழமை படகு பிடிச்சு ஃபோர்ட் கொச்சி போய், அங்கிருந்து ஆட்டோவில் மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குப் போனேன். 1568ல் கட்டின யூதர் கோயில், அதாவது சினகாக், அங்கே இருக்கு. 'பரதேசி சினகாக்'னு பேர். நமக்குப் பரதேசின்னா கவுண்டமணி ஞாபகம்தான் வரும். அங்கே அதுக்கு வெளிதேசத்தில் இருந்து வந்தவங்கன்னுதான் அர்த்தம். ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கமிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பங்களும் அதுல இருந்தன.

போனா கதவு சாத்தியிருக்கு! சனிக்கிழமை அவங்களுக்கு ஓய்வு நாள். வெள்ளி சாயங்காலம் சூரியன் இறங்கினதில் இருந்து சனி ராத்திரி நட்சத்திரம் தெரியற வரைக்கும் சபாத். லட்சம் டூரிஸ்ட் வந்தாலும் திறக்க மாட்டாங்க. பக்கத்து வாசனைத் திரவியக் கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே, "நாளைக்கு வாங்க"ன்னார். அங்கேயுமா! அவ்வ்வ்வ்.

மறுநாள் போனேன். செருப்பை வாசல்ல விட்டுட்டுத்தான் உள்ளே போகணும். அதுலயே எனக்குப் பாதி பயம் போயிடுச்சு, நம்ம கோயில் மாதிரியேன்னு. தரை முழுக்க வெள்ளையும் நீலமுமா சீனத்து ஓடு, 18ம் நூற்றாண்டுல வந்தது, கையால வரைஞ்சது. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காதும்பாங்க. மேலே பெல்ஜியம் கண்ணாடி விளக்குகள். நடுவுல பித்தளைக் கைப்பிடி போட்ட மேடை. அங்கே நின்னுதான் தோரா படிப்பாங்க. மாடியில் இன்னொரு மேடை இருக்கு, கேரளத்து சினகாக்குகளுக்கே உரிய வழக்கம் அது. வெளியே 1760ல் எஸெக்கியேல் ரஹபிங்கிற வியாபாரி கட்டின மணிக்கூண்டு. பக்கத்துலயே கொச்சி ராஜாவோட அரண்மனை, அதோட வளாகத்துல பகவதி கோயில். 1662ல் போர்ச்சுகீசியர் சினகாக்கைச் சூறையாடினாங்க. டச்சுக்காரங்க வந்த பிறகு திரும்பக் கட்டினாங்க. இடம் கொடுத்தது ராஜா.

நம்மாளுங்க காலர் தூக்கிக்க ஒரு விஷயம் இருக்கு. இந்த யூதர்கள் பொக்கிஷமா வெச்சிருந்த செப்பேடு, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000 வாக்கில் ஜோசப் ரப்பான்ங்கிற தலைவருக்குக் கொடுத்தது. எழுத்து நம்ம வட்டெழுத்து. 72 உரிமைகள் கொடுத்ததா அதுல சொல்லியிருக்கு. பகல்விளக்கு, அந்தோளம் (பல்லக்குதான்), குடை, பறை, காகளம், தோரணம்... படிச்சப்போ 'பறை'ங்கிற வார்த்தையில நின்னுட்டேன். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இப்ப பத்துப் பேர் கணக்குக்கு வரேன். அவங்க பழைய முறைப்படி கூட்டுப் பிரார்த்தனைக்குக் குறைஞ்சது பத்து ஆம்பளைங்க வேணும், பதிமூணு வயசு தாண்டினவங்களா. 'மின்யான்'னு பேர். பத்து சேரலைன்னா தோராச் சுருளை வெளியே எடுத்துப் பொதுவுல படிக்க முடியாது, சில ஜெபங்களைச் சொல்லவே முடியாது. இறந்தவங்களுக்காகப் பிள்ளைங்க சொல்ற காதிஷும் அதுல ஒண்ணு. ஒன்பது பேர் இருந்தா ஒன்பது பேர் தனித்தனியா கும்பிட்டதாத்தான் கணக்கு. பத்தாவது ஆள் வந்தாத்தான் அது சபை.

1950 வாக்கில் கேரளத்துல சுமார் 2,500 யூதர்கள் இருந்தாங்க. சினகாக் எட்டு: மட்டாஞ்சேரியில் மூணு, எறணாகுளத்துல ரெண்டு, பறவூர், சேந்தமங்கலம், மாளான்னு ஒவ்வொண்ணு. இஸ்ரேல் உருவான பிறகு, முக்கியமா 1953-55ல், ஊர் ஊரா கிளம்பிட்டாங்க. யாரும் துரத்தலை. சாமி கொடுத்த ஊருக்குத் திரும்பறோம்னு பாட்டுப் பாடிக்கிட்டே போனாங்க. அவங்க பெண்கள் மலையாளத்துலயே கல்யாணப் பாட்டும் கதைப் பாட்டும் நோட்டுப் புத்தகத்துல எழுதி வெச்சிருந்தாங்க. நோட்டும் கூடவே கப்பல் ஏறிச்சு. பாலைவனத்துல நெவாதிம்னு ஒரு கிராமத்துல இப்ப அவங்களுக்கு ஒரு சினகாக்கும் மியூசியமும் இருக்கு. மட்டாஞ்சேரி கடவும்பாகம் சினகாக்கோட உள் மரவேலை மொத்தமும் எருசலேம் மியூசியத்துல இருக்கு. இங்கே நின்ன வெறும் சுவர்ல ஒரு பக்கம் 2019 மழையில இடிஞ்சு விழுந்துடுச்சு.

1968ல் பரதேசி சினகாக்குக்கு 400 வருஷ விழா. இந்திரா காந்தி வந்தார், தபால் தலை வெளியிட்டாங்க. அதுக்கப்புறம் வருஷா வருஷம் தலை எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே வந்து, பண்டிகை நாள்ல டூரிஸ்டா வந்த யூதர்களையும் சேர்த்துத்தான் பத்து எண்ண வேண்டிய நிலைமை. பூத்தையல் கடை வெச்சிருந்த சாரா கோஹன் பாட்டி 2019ல் 96 வயசுல போய்ச் சேர்ந்தார். கடைசி வருஷங்கள்ல அவரைப் பார்த்துக்கிட்டது ஒரு முஸ்லிம் குடும்பம். 2024 ஆகஸ்ட்ல க்வீனி ஹாலெகுவா, 89 வயசு. அவருக்குப் பிறகு மட்டாஞ்சேரி பரதேசி யூதர்ல மிச்சம் ஒரே ஒருத்தர்னு அப்ப பேப்பர்ல வந்தது.

'ஐயோ பாவம்'னு உச்சுக் கொட்டிட்டு நானும் பஸ் ஏறியிருப்பேன். ஏற விடாம பண்ணினது ஒரு வக்கீல்.

யூதத் தெருவுல ஒரு கடையில புத்தகம் புரட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு போட்டோவுக்குக் கீழே இங்கிலீஷ்ல 'ஏ.பி. சேலம்'னு போட்டிருக்கு. நம்ம பழைய ஜில்லாப் பேரு, அதே அஞ்சு எழுத்து! யாரோ நம்மூர்க்காரர்னு ஆசையா படிச்சேன். இல்லை, ஆபிரகாம் பராக் சேலம், 1882ல் பொறந்த கொச்சி யூதர். அந்த யூதர்கள்ல முதல் முதலா வக்கீலானவர், கொச்சி சட்டசபையில உறுப்பினரா இருந்தவர், காங்கிரஸ்காரர். 'யூத காந்தி'ன்னு பேர்.

ஏன் காந்தி? பரதேசி சினகாக்குக்குள்ள எல்லா யூதரும் சமம் கிடையாது. வெள்ளையர், கறுப்பர்னு பிரிவு. அதுக்கும் கீழே, முன்னாடி அடிமையா இருந்து விடுதலையானவங்க வம்சம்னு ஒரு கூட்டம். அவங்க உள்ளே பெஞ்சுல உக்காரக் கூடாது, முன்னறைத் தரையில இல்லாட்டி படியில. தோரா படிக்கக் கூப்பிட மாட்டாங்க. சேலம் வக்கீல் அந்தக் கூட்டத்துல பொறந்தவர். மெட்ராஸ்ல போய்ப் படிச்சு, கோர்ட்டுல ஜட்ஜ் முன்னாடி நின்னு வாதாடறவருக்கு, சொந்தச் சாமி முன்னாடி உக்கார இடமில்லை. சினகாக்குக்குள்ளயே சத்தியாகிரகம் பண்ணினார். ஒரு நாள்ல மாறலை, வருஷக்கணக்கா இழுத்து, ஒவ்வொரு தடையா தளர்ந்தது. 1950ல் அவர் மகன் ஒரு 'வெள்ளை'க் குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் பண்ணினப்போ தெருவே ரெண்டுபட்டது. சேலம் 1967ல் காலமானார்.

கணக்கைப் பாருங்க. நூத்துக்கணக்கான வருஷமா 'இவங்க எங்க எண்ணிக்கையில வரமாட்டாங்க'ன்னு வாசப்படியில உக்கார வெச்சாங்க. எண்ணிக்கையில சேர்த்துக்க ஆரம்பிச்சப்போ எண்ணவே ஆளில்லை. புத்தகத்தை மூடி வெச்சுட்டு வெளியே வந்து ஒரு டீ குடிச்சேன். தொண்டைக்குள்ள இறங்கலைங்க.

ஏன்னா எங்க கோயில்.

நாமக்கல் பக்கத்துல சின்ன கிராமம், பேர் வேண்டாம். பங்குனியில மாரியம்மன் நோம்பி. பூச்சாட்டி, கம்பம் நட்டு, பதினஞ்சாம் நாள் பொங்கல், மாவிளக்கு, கிடாவெட்டு. அன்னிக்கு ராத்திரி சப்பரம். எங்க பங்காளி வகையறாதான் சப்பரம் தூக்கணும்னு வழக்கம். முன்னாடி நாலு, பின்னாடி நாலு, மாத்துத் தோளுக்கு எட்டு, ஆக பதினாறு தோள். என் சின்ன வயசுல பதினாறுக்கு நாப்பது பேர் அடிச்சுக்குவாங்க. இப்ப பசங்க பெங்களூர், சிங்கப்பூர், ரிக் வண்டியில வடநாடு. மிச்சம் இருக்கிறது அறுபது தாண்டின முட்டிவலிக்காரங்க. நாலு வருஷமா சாமி டிராக்டர் ட்ரெய்லர்ல போகுது.

ஊர்ல இளவட்டமே இல்லையான்னு கேப்பீங்க. இருக்காங்க. கீழத் தெருவுல இருபது பேர் இருக்காங்க, கோழிப்பண்ணையில தீவன மூட்டை தூக்கற தோள். நோம்பிக்குப் பறை அடிக்கிறதும் அந்தத் தெருதான். பறைச் சத்தம் இல்லாம அம்மன் இடத்தை விட்டு அசைய மாட்டா. ஆனா அடிக்கிறவங்க வாசலுக்கு வெளியே. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ராஜா யூதருக்குக் கௌரவம்னு கொடுத்த அதே பறை, எங்க ஊர்ல அடிக்கிறவனை வெளியே நிறுத்துது.

நாலு வருஷத்துக்கு முன்னாடி கோயில் கூட்டத்துல சித்தப்பாதான் பேசினார். "ஆளில்லீன்னா டிராக்டர் வெச்சுக்கலாம். வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல கண்ணு." கீழத் தெருப் பையன் ஒருத்தன் தூரத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தான், ஸ்கூல்ல என்கூடப் படிச்சவனோட மகன். நான் என்ன பண்ணினேன்? ஒண்ணும் பேசலை. வரிப் பணத்தைக் கொடுத்துட்டு ரசீது வாங்கிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் வருஷா வருஷம் "வசூல் வேலை இருக்குதுங்க சித்தப்பா"ன்னு நோம்பிக்கே போறதில்லை. போகாம இருக்கிறதையே பெரிய எதிர்ப்பு மாதிரி எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சேலம் வக்கீல் உள்ளே போய் உக்காந்து சண்டை போட்டார். நான் எறணாகுளத்துல உக்காந்து பரோட்டா சாப்பிட்டேன். அதுதான் வித்தியாசம்.

இனி வரப்போற விஷயங்கள். அவங்க பண்டிகையும் நிலாக் கணக்குதான். நடுவுல நடுவுல ஒரு மாசம் கூட்டிக்குவாங்க, 19 வருஷத்துக்கு ஏழு மாசம். அதனால நம்ம நாளும் அவங்க நாளும் அடிக்கடி பக்கத்துல பக்கத்துல வரும். நம்ம நவராத்திரி தொடங்கற சமயத்துல அவங்க புத்தாண்டு, ரோஷ் ஹஷானா. பத்தாம் நாள் யோம் கிப்பூர், முழுப் பட்டினி, செஞ்ச தப்புக்கு மன்னிப்புக் கேக்கற நாள். மனுஷனுக்குச் செஞ்ச தப்புக்கு மொதல்ல அந்த மனுஷன்கிட்டயே கேக்கணும், சாமி அதுக்கப்புறம்தான். பௌர்ணமியில் கூடாரப் பண்டிகை சுக்கோத். அது முடிஞ்சதும் சிம்ஹத் தோரா, கொச்சியில் இதுதான் பெரிய கொண்டாட்டம். எண்ணெய் விளக்கை வரிசையா ஏத்தி, சுருள் பெட்டிகளுக்குக் கிரீடம் வெச்சு, தோள்ல தூக்கிக்கிட்டு சினகாக்கைச் சுத்தி வருவாங்க, பாட்டோட. நம்ம சப்பரம் மாதிரியே! அப்புறம் பங்குனி பௌர்ணமி ஒட்டி பெசாஹ். 2025ல் ஏப்ரல் 11 பங்குனி உத்திரம், மறுநாள் சாயங்காலம் அவங்களுக்குப் பெசாஹ். அடிமைத்தனத்துல இருந்து விடுதலையானதை வீட்டுல உக்காந்து குழந்தைங்களுக்குக் கதையா சொல்ற ராத்திரி அது. விடுதலையானவங்க வம்சத்தைப் படியில உக்கார வெச்ச வீடுகள்லயும் அந்தக் கதையை வருஷம் தவறாம சொல்லித்தானே இருப்பாங்க? நாங்களும் அப்படித்தான், 'அம்மனுக்கு எல்லாரும் பிள்ளைங்க'ன்னு மைக்ல சொல்லுவோம்.

எங்க நிகழ்ச்சி நிரல் சின்னது. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில கோயில் கூட்டம், பூச்சாட்டுக்கு நாள் குறிக்க. நேத்து சித்தப்பா போன் பண்ணினார். "ஏங்கண்ணு, இந்த வருசமாச்சும் வருவியா?"

"வர்றேனுங்க சித்தப்பா. கூட்டத்துக்கே வர்றேன். ஒரு விசயம் பேசோணும்."

"என்ன விசயம்?"

"சப்பரம் விசயமுங்க. தோளுக்கு ஆள் இருக்குது. நம்மதான் எண்ணாம உட்டுட்டோம்."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. வெச்சுட்டாரோன்னு பார்த்தேன். அப்புறம், "வா, பேசிக்கலாம்"ன்னார். கோபமா, சரிங்கிறாரான்னு எனக்குத் தெரியலை. அவருக்கும் வயசு எழுபத்தி ரெண்டு. டிராக்டர்ல சாமி போறப்போ அவர் பின்னாடி நடந்து வர்ற மூஞ்சிய நான் வீடியோவுல பார்த்திருக்கேன். அதுல சந்தோஷம் இல்லை.

கூட்டத்துக்கு முன்னாடி கீழத் தெருவுக்குப் போகணும். என்கூடப் படிச்சவனைப் பார்த்து, அன்னிக்கு வாயைத் திறக்காம இருந்ததுக்கு மன்னிப்புக் கேக்கணும். அவன் பையனுக்குத் தூக்கற ஆசை இன்னும் இருக்கான்னும் கேக்கணும். 'உங்க சாமியை நீங்களே தூக்கிக்கங்க'ன்னு சொன்னாலும் சொல்லுவான். அவனுக்கு அந்த உரிமை இருக்கு.

இதை இங்கே எழுதி வெச்சதுக்குக் காரணம், ஞாயித்துக்கிழமை காலையில எனக்கு வசூல் வேலை ஞாபகம் வந்துடக் கூடாது, அவ்வளவுதான். நாலு பேருக்குச் சொல்லிட்டா பின்வாங்க முடியாது பாருங்க.

டிஸ்கி: கொச்சி போறவங்க சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாள்லயும் போகாதீங்க, கதவு சாத்தியிருக்கும். நேரம் இருந்தா பறவூர், சேந்தமங்கலமும் பாருங்க. ரெண்டு சினகாக்கையும் புதுப்பிச்சு மியூசியமா வெச்சிருக்காங்க. அழகா இருக்கு. கும்பிட ஆள்தான் இல்லை.