செந்தூர் கடலும் என் மகளின் வேலையும்

எழும்பூரில் மாலை செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் விடிகாலை திருச்செந்தூர். பெண்ணுக்கு நல்ல வரன் அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நான் போனேன். கூட வந்த பெண்ணின் வேண்டுதலோ வேறு!

முதலில் கடல் ஸ்நானம், அப்புறம் நாழிக்கிணறு. கைக்குழந்தையோடு போகிறவர்கள் அலைக்குள் இறங்காமல் கரையிலேயே உட்கார்ந்து ஒரு சொம்பு ஊற்றிவிட்டால் போதும். காலடி மணலை அலை உருவிக்கொண்டு போகிறது. அத்தனை உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் நாழிக்கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். எத்தனை தடவை பார்த்தாலும் அதிசயம்தான்.

தரிசனம் முடிந்து கரையில் உட்கார்ந்தோம். அறிவியல் தகவல் தொடர்பு படித்த என் மகளுக்கு, காட்டு விலங்குகளைப் படமெடுக்கும் பெங்களூர் கம்பெனி ஒன்றில் வேலை வந்திருக்கிறது. "காட்டுக்குள்ளே கேமராவோட அலையப் போறியா?" என்றேன். 2024 நவம்பர் 18-ம் தேதி இந்தக் கோயில் யானை தெய்வானை தாக்கிப் பாகனும் அவர் உறவினரும் இறந்துபோனது எனக்கு மறக்கவில்லை. பழகின யானையே அப்படியென்றால் காட்டு யானை?

"நான் படம் எடுக்கப் போறதில்லைம்மா. எடுத்ததைப் பத்திரப்படுத்தற வேலை" என்றாள்.

ஊட்டிப் பெண் கார்த்திகி கோன்சால்வெஸ் தெரியுமல்லவா? கோவையில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தவர். தெப்பக்காட்டில் குட்டி யானை ரகுவையும் அதை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியையும் வருஷக்கணக்கில் படமெடுத்தார். 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' என்று 2022 டிசம்பரில் வெளிவந்து, 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. ஓடுவது முக்கால் மணி நேரம்கூட இல்லை. எடுத்ததோ 400 மணி நேரத்துக்கும் மேலே! அத்தனையிலும் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று ஒருத்தர் சொல்ல வேண்டாமா?

கேமராவின் கார்டு நிறைந்ததும் இரண்டு மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வைக்க வேண்டுமாம். பிரதி சரியாக விழுந்ததா என்று பார்த்த பிறகுதான் கார்டை அழிக்கலாம். அப்புறம் என்ன பிராணி, எந்த இடம், எந்தத் தேதி என்று ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும். சீட்டு ஒட்டாத டப்பாக்களில் ரசப்பொடியும் சாம்பார்பொடியும் தேடுகிற நமக்கா இது புரியாது!

"இந்தக் கடலையே பாரேன்" என்று வடக்கே கை காட்டினாள். தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதில் இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு இல்லை. "பழைய படம் இருந்தாத்தான் எப்படி இருந்ததுன்னு காட்ட முடியும். இடமும் தேதியும் எழுதாட்டா அதுவும் வெறும் தண்ணிதானேம்மா?"

எனக்குப் பதில் வரவில்லை. எழுந்து போய்ச் சில்லுக் கருப்பட்டி வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் நானே பேசினேன். இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், "ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்குமா?" என்று கேட்டார். ஜாதகக் கட்டைப் பீரோவில் வைத்திருக்கிறேன், மேலே தேதி எழுதி.