மைசூரில் ஒரு தூண்டில் பெட்டி

மைசூருக்குப் போகிறவர்கள் அரண்மனையைப் பார்ப்பார்கள், சாமுண்டி மலை ஏறுவார்கள், தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகை வாங்குவார்கள். நான் போனது ஒரு தகரப் பெட்டியைப் பார்க்க. அசோகபுரத்து ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு தமிழரின் வீட்டில் இருக்கிறது அது. பச்சை பெயின்ட் உதிர்ந்த பழைய ராணுவப் பெட்டி. திறந்ததும் முதலில் வருவது தையல் மிஷின் எண்ணெய் வாசனை. அப்புறம் மெழுகு. மீன் வாசனை துளியும் இல்லை.

"மீன் வாசனை வந்தா பெட்டியை ஒழுங்கா வெச்சுக்கலைனு அர்த்தம்" என்கிறார் பெரியவர். வயது எழுபத்தெட்டு. பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மீன் பிடிக்கிற ஆள் என்றால் இந்தத் தெருவில் வேறு மாதிரி பார்ப்பார்களாம்.

தூண்டில் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஒரு மூங்கில் குச்சி, ஒரு முழம் நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை. குளத்துக் கெண்டைக்கு அது போதும். ஆனால் மைசூரைச் சுற்றி ஓடுபவை காவிரியும் கபினியும். இந்த ஆறுகளில் இருந்தது மஹ்சீர். கெண்டை இனம்தான். ஆனால் தராசில் ஒரு ஆள் எடைக்கு வரக்கூடிய கெண்டை. 1946 மார்ச் 22 அன்று கபினியில் டி வெட் வான் இன்கன் பிடித்த மீன் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. தூண்டிலில் சிக்கிய மஹ்சீர்களில் இதுதான் மிகப் பெரியது என்று இன்றும் சொல்கிறார்கள். பிடித்தவர் மைசூர்க்காரர். மகாராஜாக்களும் வெள்ளைக்கார துரைகளும் சுட்ட புலிகளைப் பாடம் செய்து கொடுத்த வான் இன்கன் குடும்பத்துப் பிள்ளை.

அப்படிப்பட்ட மீனை எதைக் கொண்டு பிடிப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயர். 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்று ஒரு புத்தகமே எழுதினார். மஹ்சீரின் தாடையில் பற்கள் கிடையாது. ஆனால் தொண்டைக்குள் நத்தை ஓட்டையும் நண்டையும் நொறுக்குகிற பற்கள் உண்டு. வாயை இறுக்கி மூடினால் சாதாரண முள் நசுங்கிப் போகும். இங்கிலாந்தின் சால்மனுக்காகச் செய்த முட்களோடு வந்த துரைமார்கள் மீனை இழந்து, வளைந்த முள்ளோடு பங்களா திரும்பிய கதைகள் ஏராளம்.

பெரியவர் பெட்டியிலிருந்து ஒரு முள்ளை எடுத்து என் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுக்கிறார். முனை நகத்தில் வழுக்கினால் மொக்கை. பிடித்து நின்றால் கூர்மை. "கடையில வாங்கினது எதுவா இருந்தாலும் அரம் போடாம நான் கட்டமாட்டேன் சார்." மின்னுகிற முள்ளைப் பார்த்து ஏமாறக் கூடாது, கம்பியின் தடிமனைத்தான் பார்க்கவேண்டும் என்கிறார். நனைந்த முள்ளை அப்படியே பெட்டியில் போட்டால் ஒரே வாரத்தில் பக்கத்தில் உள்ள முட்களெல்லாம் துருப்பிடித்துவிடும். துணியில் துடைத்து, வெயிலில் காயவைத்து, அப்புறம்தான் உள்ளே.

கம்பு விஷயம் இன்னும் சுவாரஸ்யம். நம் ஊர் மூங்கில் ஒரு காலத்தில் 'கல்கத்தா மூங்கில்' என்ற பெயரில் கப்பலேறி அமெரிக்காவில் தூண்டில் கம்பாகியது. பின்னால் சீனாவின் டோன்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. மூங்கிலை ஆறு கீற்றாகப் பிளந்து, முக்கோணமாகச் சீவி, அறுகோணமாக ஒட்டிச் செய்த கம்புகள் அவை. பெரியவரிடம் அப்படி ஒன்று இருக்கிறது. ஊரைவிட்டுப் போன ஒரு தோட்டக்காரத் துரையிடமிருந்து கை மாறி வந்தது. சுவரில் சாய்த்து வைக்கமாட்டார். சாய்த்தால் வளைந்துவிடும். துணிப் பையில் போட்டு ஆணியில் தொங்குகிறது. துண்டுகள் சேரும் பித்தளைப் பூட்டில் மெழுகுவர்த்தி தேய்க்கிறார். கழற்றும்போது நேராக இழுக்கவேண்டும். திருகினால் போச்சு.

இப்போது அவர் பேரன் பெங்களூரிலிருந்து கார்பன் கம்பு ஒன்று வாங்கி வந்திருக்கிறான். எடையே தெரியவில்லை. ஆன்லைனில் வரும் கம்புகளில் பல அமெரிக்காவின் பாஸ் மீனை மனதில் வைத்துச் செய்தவை. அங்கே பாஸ் பிடிப்பது பெரிய தொழில். இரைக்கு ஒரு கம்பு, சுருளுக்கு ஒரு கம்பு என்று படகில் பத்துப் பன்னிரண்டு கம்பு அடுக்கி வைத்திருப்பார்கள். பாஸும் நம் விராலும் ஒரே சுபாவம். அல்லியும் பாசியும் மண்டிய இடத்தில் பதுங்கியிருந்து பாயும். ரப்பர் தவளையைப் பாசி மேல் இழுத்தால் தண்ணீர் வெடிக்கும். ஆகவே ஏரி விராலுக்கு பாஸ் கம்பு அருமையாகப் பொருந்துகிறது. குட்டையான, விறைப்பான கம்பு, பின்னல் நூல், அவ்வளவுதான். ஆற்றுப் பாறைகளுக்கு நடுவே அதே பின்னல் நூல் கத்தியில் பட்ட மாதிரி அறுந்துவிடும். அங்கே தடித்த நைலான் நரம்புதான் தாங்கும். எந்த மீன், எந்தத் தண்ணீர் என்று முடிவு செய்யாமல் கடைக்குப் போகிறவர்கள் விலையைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். பேரனும் அப்படித்தான் வாங்கியிருக்கிறான். தாத்தா அதை அவனிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்.

மஹ்சீருக்கு இரை? இதற்கு மைசூர் வட்டாரத்தின் பதில் மைசூர் வட்டாரத்தின் சாப்பாடே. ராகி முத்தே! கேழ்வரகு மாவைக் களியாகக் கிளறி, நன்றாகப் பிசைந்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டி, மறுபடி வெந்நீரில் போட்டு எடுத்தால் மேல்தோல் இறுகும். ஆற்றின் வேகத்தில் கரையாது. உள்ளே என்ன மசாலா சேர்ப்பது என்பது ஒவ்வொரு பரிசல்காரருக்கும் ஒரு ரகசியம். ஈயக்குண்டை மட்டும் தனியாக ஒரு மெல்லிய நூலில் கட்டவேண்டும். பாறை இடுக்கில் குண்டு சிக்கினால் அந்த நூல் மட்டும் அறுந்து, மீனும் முள்ளும் நம் பக்கம் இருக்கும்.

1977-78இல் மூன்று ஆங்கிலேய இளைஞர்கள் காவிரிக்கு வந்து பெரிய மஹ்சீர்களைப் பிடித்துக் காட்டிய பிறகுதான் இந்த ஆறு மறுபடி உலகத் தூண்டில்காரர்களின் கண்ணில் பட்டது. பீமேஸ்வரி, தொட்டமக்களி, கலிபோரே என்று காவிரிக்கரையில் முகாம்கள் வந்தன. வெளிநாட்டவர்கள் பணம் கொடுத்துத் தங்கினார்கள். பிடித்த மீனை எடை போட்டு, படம் எடுத்து, திரும்ப விட்டுவிடவேண்டும் என்பது விதி. ஊருக்குத் திரும்பும்போது சிலர் உடைந்த ரீல்களைப் பரிசல்காரர்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அவை சுற்றிச் சுற்றி நம் ஃபிட்டரிடம் வரும். உதிரி பாகம் கிடைக்காத காலம். ஸ்வீடன் ரீலின் பல்சக்கரத்துக்கு மாற்றுச் சக்கரம் பித்தளையில் கடைந்து கொடுத்திருக்கிறார். கூலியாகக் கேட்டது ஆற்றில் ஒரு நாள்.

ரீல் பராமரிப்பில் அவர் சொல்லும் விஷயங்கள் சின்னவை. அச்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய், பல்சக்கரத்துக்கு கொஞ்சம் கிரீஸ். பிரேக் தட்டுகளில் எண்ணெய் படவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் பிரேக்கைத் தளர்த்தி வைக்கவேண்டும். இறுக்கியே வைத்தால் தட்டு அமுங்கிப்போய், அடுத்த தடவை மீன் ஓடும்போது நூல் சீராகப் போகாது, விட்டு விட்டு வெட்டி இழுக்கும். மஹ்சீரின் முதல் ஓட்டத்தில் நூறு மீட்டர் நூல் போய்விடும். அந்தச் சில விநாடிகளில் பிரேக் ஒருமுறை இறுகினாலும் கதை முடிந்தது. நைலான் நரம்பை வெயிலில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் முனையில் நாலு மீட்டரை வெட்டி எறியவேண்டும். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்கவேண்டும். இல்லாவிட்டால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலமிழக்கும்.

இவ்வளவும் சொன்னவர், 1986 மார்ச் மாதம் செய்த ஒரு தவறை வெகுநேரம் கழித்துத்தான் சொன்னார். கோடைத் தண்ணீர். பாறைகள் வெளியே தெரிகிற சமயம். அனுமதிச் சீட்டோடு போயிருந்தார். சாயங்காலம் ராகி உருண்டையை ஒரு மீன் எடுத்தது. அரை மணி நேரம் பரிசலில் அதன் பின்னால் போனார்கள். ஒருமுறை மேலே வந்து முதுகைக் காட்டியது. தலைக்குப் பின்னால் திமில் மாதிரி மேடு. ஆரஞ்சு வால். அப்புறம் கீழே போனது. நரம்பு அறுந்தது.

கம்பின் நுனி வளையத்தில் மயிரிழை விரிசல் இருந்திருக்கிறது. அதில் உரசி உரசி நரம்பு தேய்ந்திருக்கிறது. முதல் நாள் ராத்திரி அவர் வளையங்களைப் பார்க்கவில்லை. தூக்கம்.

"மீன் போனதுக்கு வருத்தம் இல்லை சார். எப்படியும் விடப் போறதுதானே. ஆனா வாயில முள்ளு, பின்னாடி அறுபது மீட்டர் நரம்பு. அது ஏதாவது பாறையில சுத்திக்கிட்டா? செத்துதான் போயிருக்கும். நான் பாக்காத ஒரு வளையத்துக்கு."

அவர் முதுகைப் பார்த்த அந்தத் திமில் மீனுக்கு அப்போது சரியான அறிவியல் பெயர்கூட இல்லை. 2018இல்தான் ஆராய்ச்சியாளர்கள் அதை 'டோர் ரமாதேவி' என்று அடையாளம் கண்டார்கள். கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களுக்கு, ரமாதேவி என்ற விலங்கியல் அறிஞரைக் கௌரவித்து ஏற்கெனவே இடப்பட்டிருந்த பெயர். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்றும் அறிவிக்கப்பட்டது. காவிரி வடிநிலத்தைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. மோயாற்றில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. வெடி வைத்துப் பிடித்தார்கள், அணை கட்டினார்கள், மணல் அள்ளினார்கள். போதாததற்கு, லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் பண்ணையில் பெருக்கிய நீலத் துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளை, நல்லது செய்வதாக நினைத்து, காவிரியிலும் விட்டார்கள். அந்த இனம் பெருகியது. திமில் மீன் சுருங்கியது.

இது தெரிந்ததே தூண்டில்காரர்களால்தான் என்பது ஒரு வேடிக்கை. கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்து விட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மஹ்சீர்களின் பதிவேட்டை வைத்துத்தான் இந்த வீழ்ச்சியைக் கணக்கிட்டார்கள். முகாம்கள் இருப்பதோ 1987இல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அங்கே தூண்டில் வீச இடம் தராது என்று முடிவாகி வீச்சு நின்றது. பதிவேடும் அதோடு நின்றது. சரியா தவறா என்று இரண்டு பக்கமும் வாதம் உண்டு. தூண்டில்காரர்கள் இருந்தவரை வெடிக்காரர்கள் பயந்தார்கள் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது முழுப் பொய்யாகத் தெரியவில்லை. ஆனால் சரணாலயத்தில் ஒரு பிராணிக்கு மட்டும் விதிவிலக்கு எப்படி என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாகவேண்டும்.

மறுநாள் காலை மூவருமாகத் திருமகூடலு நரசிபுரம் போனோம். கபினி காவிரியில் கலக்கும் இடம். தாத்தா தூண்டில் எதுவும் எடுத்து வரவில்லை. படித்துறையில் உட்கார்ந்து பரிசல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் திமில் மீன் இங்கே இருக்குமா என்று கேட்டான். "இருந்துச்சு" என்றார். ஏரியில் விரால் பிடிக்கப் போகலாமா, மீன்வளத் துறையில் அனுமதி கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றான். சரி என்று தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சு கேட்டார். மருமகள் மருந்து அலமாரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். புதுக் கம்பின் உறையைக் கழற்றி, பஞ்சைத் திரித்து, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு மெல்லச் சுற்றினார். விரிசல் இருந்தால் பஞ்சின் இழை மாட்டிக்கொள்ளும். எட்டு வளையம். கடையிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத கம்பு.

"புதுசு தாத்தா" என்றான் பேரன்.

அவர் பஞ்சை அவன் கையில் கொடுத்து, நுனி வளையத்தை மறுபடி பார்க்கச் சொன்னார்.