நுழைவதும் பொருந்துவதும்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவிற்கு இரு நாட்களே இருந்தன. கொல்லிமலையில் எங்கள் சிற்றாலயத்துப் பழைய காசியோ கீபோர்டின் அடாப்டர் பழுதாயிற்று. பாடகர் குழு இளைஞர் ஒருவர் தம் யமஹா அடாப்டரை அன்போடு கொணர்ந்தார். முனையும் துளையில் எளிதாக நுழைந்தது. சுவிட்சைப் போடுமுன், நல்லவேளையாக, எழுத்துகளைப் படித்தோம். அதில் 12 வோல்ட், நடுமுனை நேர்மின். எங்கள் கருவி வேண்டியதோ 9 வோல்ட், நடுமுனை எதிர்மின்!

70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, நாமக்கல்லில் உரியதை வாங்கினோம். “வோல்ட்டும் முனையும் மாறக் கூடாது; மில்லி ஆம்பியர் குறையக் கூடாது, கூடினால் தீங்கில்லை; கருவி தனக்கு வேண்டியதையே எடுத்துக்கொள்ளும்” என்றார் கடைக்காரர்.

நேரவிருந்த சேதத்தை எண்ணி வருந்திய இளைஞரையே முதற்பாடலுக்கு வாசிக்கச் செய்தோம். உதவ விரையும் அன்புக்கும், ஒரு கணம் நின்று படித்தறியும் பொறுமை வேண்டும்.