பத்துக்குப் பத்தில் ஒரு தங்கம் தியேட்டர்

சிங்கப்பூர் வேலையை விட்டுட்டு ஊரோடு வந்த மாமா, தன்னோட பழைய 5.1 ஹோம் தியேட்டரை "வச்சுக்கடா மாப்ள" என்று எனக்கே கொடுத்துவிட்டார். ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், ஒரு ஆம்ப்ளிஃபயர். சந்தோஷத்தில் எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

பிரச்சினை மறுநாள் ஆரம்பித்தது. செல்லூரில் எங்கள் வீட்டு டிவி ரூம் நீளம் 10 அடி, அகலம் 10 அடி, உயரமும் 10 அடி. அதற்குள் ஒரு பீரோ, ஒரு கட்டில், கட்டிலில் எங்கள் அப்பத்தா!

ஸ்பீக்கர் மாட்ட ஒரு கடையிலிருந்து ஆள் வந்தார். நான்கு ஸ்பீக்கரையும் கூரையை ஒட்டி நான்கு மூலையில் ஆணி அடித்து மாட்டினார். நடு ஸ்பீக்கர் பீரோ மேல் போனது. சப்வூஃபரைக் கட்டிலுக்குப் பக்கத்து மூலையில் தள்ளிவிட்டு, "சும்மா அதிரும் பாருங்க தம்பி" என்றார். அதிர்ந்தது. பீரோ கதவு அதிர்ந்தது, ஜன்னல் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு அத்தை சுவரைத் தட்டினார். அப்பத்தா மட்டும், "பேசுறது ஒண்ணும் வெளங்கலய்யா" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அப்பத்தாவுக்கு வயது 82. காது மந்தம்தான். ஆனால் அதுவரை டிவியிலேயே உள்ள சின்ன ஸ்பீக்கரில் தினமும் படம் பார்த்தவர். அடுத்த ஒரு வாரமும் உள்ளே வரவே இல்லை. எனக்கு உறுத்தியது. அவர் இடத்தை நான் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

சரி, என்னதான் கோளாறு என்று உட்கார்ந்து படித்தேன். வயதானால் முதலில் குறைவது கீச்சு ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த, ப போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவதே அந்த உயர்ந்த ஒலிகள்தான். இடிமுழக்கம் அதிகமானால் அவை அதற்குள் அமுங்கிப் போகும். சத்தம் கேட்கும், சொல் கேட்காது!

அடுத்த வில்லன் எங்கள் ரூம். சத்தம் ஒரு செகண்டில் சுமார் 343 மீட்டர் போகும். அந்தக் கணக்கில் 10 அடி இடைவெளிக்குள், 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள ஒலி சுவருக்குச் சுவர் மோதி நின்று முழங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்றும் அதே ஒலியைத்தான் தூக்கிவிடும். மூலையில் அது உச்சத்தில் இருக்கும், சுவர் ஓரத்திலும் அதிகம். அப்பத்தா கட்டில் இருந்தது சுவர் ஓரம். சப்வூஃபர் இருந்தது மூலை. பிறகு எப்படி விளங்கும்?

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கழற்றினேன்.

முதலில் கட்டிலைப் பின்சுவரிலிருந்து 2 அடி முன்னால் இழுத்தேன். இப்போது டிவிக்கும் அப்பத்தாவுக்கும் 7 அடி. முன் ஸ்பீக்கர் இரண்டும் பார்ப்பவருக்கு இரு பக்கமும் 22 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது டால்பி சொல்லும் கணக்கு. 30 டிகிரி என்றால் இரண்டுக்கும் நடுவே 8 அடி வேண்டும். கதவு திறக்காது. 22 டிகிரிக்கு ஐந்தே முக்கால் அடி போதும். அதையே வைத்தேன்.

பின் ஸ்பீக்கர்களைக் கூரையிலிருந்து இறக்கி, பக்கச் சுவர்களில் தலைக்குச் சற்றே பின்னால், உட்கார்ந்தால் காதுக்குக் கொஞ்சம் மேலே மாட்டினேன். சின்ன ரூமில் அவை காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்பதால் சத்தத்தைக் குறைத்தேன். ஒவ்வொரு ஸ்பீக்கரும் எத்தனை அடி தூரம் என்று டேப் வைத்து அளந்து ஆம்ப்ளிஃபயரில் பதிந்தேன். ஒரு அடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் கணக்கில், பக்கத்தில் இருப்பதை அதுவே தாமதப்படுத்திக்கொள்ளும்.

சப்வூஃபருக்கு ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. அதைத் தூக்கிக் கட்டிலில், ஆள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டைப் போட வேண்டும். பிறகு தரையில் தவழ்ந்து, எந்த இடத்தில் முழங்காமல் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே அதைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். நான் தவழ்வதை வாசலிலிருந்து பார்த்த அப்பத்தா, "என்னய்யா, காசு எதுவும் விழுந்துருச்சா?" என்றார். முன்சுவரில், மூலையிலிருந்து 3 அடி தள்ளி இடம் கிடைத்தது.

முட்டை அட்டை ஒட்டச் சொல்லி நண்பன் யோசனை சொன்னான். அது இந்த இடியை ஒன்றும் செய்யாது. பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பின்சுவரில் சாய்த்து வைத்தேன். கை தட்டினால் வந்த எதிரொலி நன்றாகக் குறைந்தது.

கடைசியாக நடு ஸ்பீக்கர். படங்களில் வசனம் பெரும்பாலும் வருவது இதில்தான். அதைத்தான் பீரோ மேல் ஏற்றியிருந்தோம்! டிவிக்கு நேர் கீழே, அப்பத்தா முகத்தைப் பார்த்துச் சாய்த்து வைத்து, 3 டெசிபல் கூட்டினேன்.

சோதனைக்கு என்ன படம் என்று கேட்டதற்கு அப்பத்தா யோசிக்கவே இல்லை. பராசக்தி. 1952-ல் மதுரை தங்கம் தியேட்டர் திறந்தபோது போட்ட முதல் படம். 2500 பேருக்கு மேல் உட்காரலாம், ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே பெருமை பேசிய தியேட்டர். இன்றைக்கு அங்கே ஜவுளிக்கடை. சின்னப்பிள்ளையாக அங்கே பார்த்த படமாம்.

அந்தக் காலத்துப் படம், ஒற்றைத் தடத்து ஒலி. ஆம்ப்ளிஃபயர் அதை அப்படியே நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிட்டது. அளந்து அளந்து மாட்டிய மற்ற ஐந்தும் கம்மென்று இருந்தன. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆனால் கோர்ட் காட்சி வந்தது. சிவாஜி பேசுவதற்கு அரை நொடி முன்னாலேயே அப்பத்தாவின் உதடு அசைந்தது. ஒரு வார்த்தை தப்பவில்லை.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அவர் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கட்டில் இப்போதும் அந்த 2 அடி முன்னால்தான் இருக்கிறது. பீரோ கதவு முழுசாகத் திறக்காது. அம்மா திட்டுகிறார். பரவாயில்லை :-)