ஆடிக் கிருத்திகையும் என் தூண்டிலும்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் மீன் சட்டி பரணுக்கு ஏறிவிடும். திருத்தணி முருகனுக்கு விரதம் இருக்கும் குடும்பம் எங்களுடையது. ஆடிக் கிருத்திகைக்குப் படி ஏறி, சரவணப் பொய்கையில் தெப்பமும் கண்டு திரும்பிய பிறகே அந்தச் சட்டி கீழே இறங்கும். நகரி, புத்தூர்ப் பக்கமிருந்து காவடி எடுத்து வருபவர்கள் எங்கள் ஊர் ஏரிக்கரையில் இளைப்பாறிப் போவார்கள். பம்பைச் சத்தமும் தெலுங்கும் தமிழும் கலந்த அரோகராவும் கரை முழுதும் நிறைந்திருக்கும்.

சட்டி பரணில் இருக்கலாம். பள்ளிச் சிறுவனின் கை சும்மா இருக்குமா? நான் ஏழாம் வகுப்புப் படித்த ஆண்டு, கிருத்திகைக்கு முதல் நாள், சித்தப்பா மகனும் நானும் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஆயா வாசலிலேயே மறித்தாள். "பிடிச்சது எதுவும் வாசப்படி ஏறக் கூடாது, ஆமா" என்றாள். அதற்கென்ன, பிடித்ததை ஏரியிலேயே விட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். விளையாட்டுக்கு விளையாட்டு, புண்ணியத்துக்குப் புண்ணியம்!

அன்று உள்ளங்கை அகலக் கெண்டை பதினொன்று சிக்கின. ஒவ்வொன்றையும் மண் ஒட்டிய உலர்ந்த கையால் இறுகப் பிடித்து, முள்ளைத் திருகிப் பிடுங்கினோம். முள்ளை விழுங்கிவிட்ட இரண்டுக்கு நூலை வெடுக்கென்று இழுத்தோம். செவுளில் இரத்தம் வந்தது. யார் பிடித்தது பெரியது என்று கரை மணலில் வரிசையாகக் கிடத்தி அளந்து பார்த்தோம். பிறகு அரை வாளித் தண்ணீரில் எல்லாவற்றையும் போட்டு நடுப்பகல் வெயிலில் வைத்திருந்தோம். வீட்டுக்குக் கிளம்பும்போது கரை மேலிருந்தே வாளியைக் கவிழ்த்தோம். 'போங்கடா, பிழைத்துப் போங்கள்' என்று வள்ளல் போல வாழ்த்தியது நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் மலைக்குப் புறப்படுகையில் ஏரி வழியாகத்தான் போனோம். நாணல் ஓரத்தில் ஏழு மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. காகங்கள் இரண்டு காத்திருந்தன. ஆயா நின்று பார்த்தாள். "தின்னிருந்தாலாச்சும் ஒரு வேளைக் கொழம்பாயிருக்கும்டா" என்றாள். அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை. 365 படியும் ஏறி முருகன் முன் நின்றபோது என்ன வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

நான் வரலாற்று மாணவன். விலங்கியல் படிக்கும் நண்பர் ஒருவரிடம் ஓய்வு நேரத்தில் இதைச் சொன்னபோது, அவர் சிரிக்காமல் கேட்டார். பின்னர் நோட்டில் படம் போட்டு விளக்கினார். மீன் உடம்பின் வழவழப்பு நாம் நினைப்பது போல வெறும் அழுக்கு அன்று. நோயணுவும் பூசணமும் உள்ளே புகாமல் தடுக்கும் கவசம். உலர்ந்த கையும் மணலும் அதை வழித்து எடுத்துவிடும். செவுளின் மெல்லிய இதழ்கள் தண்ணீரில்தான் விரிந்து நிற்கும். காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தூண்டிலில் போராடிய மீன், பந்தயம் ஓடி முடித்தவன் போலத் தசையில் லாக்டிக் அமிலம் ஏறிக் கிடக்கிறது. மூச்சு அதிகம் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் நாம் அதை வெளியே வைத்து அழகு பார்க்கிறோம்.

கனடாவில் பெர்குசன், டஃப்ட்ஸ் என்னும் இருவர் 1992-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றையும் அவர் காட்டினார். டிரௌட் மீன்களைக் களைக்கும்வரை விரட்டியபின் தண்ணீரிலேயே விட்டபோது நூற்றுக்கு 88 பிழைத்தன. 30 விநாடி காற்றில் வைத்தபோது 62. ஒரு நிமிடம் வைத்தபோது 28 மட்டுமே! அது குளிர்நீர் மீன். நம் கெண்டைக்கு அதே கணக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் நம் தண்ணீரில் வேறு இடர் உண்டு. 20 டிகிரி வெப்பமுள்ள நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு பிராணவாயு கரைந்திருக்க முடியுமென்றால், 30 டிகிரியில் ஏழரைதான். எங்கள் அரை வாளியில், பதினொரு மீன்களுக்கு நடுவே, என்ன மிஞ்சியிருக்கும்?

பிடித்து விடுவதை முறையாகவே செய்த இடம் நமக்கு அருகில், காவிரியில் இருந்தது. தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று மேலே, கர்நாடகத்தின் பீமேசுவரி, காலிபோரே முகாம்களில் மாசீர் என்னும் பெருங்கெண்டையைப் பிடிக்கத் தூண்டில்காரர்கள் வெளிநாட்டிலிருந்தும் வந்தார்கள். எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, களைத்த மீனை ஓடும் நீரில் தலையை எதிர்முகமாகப் பிடித்திருந்து, அதுவாகத் துள்ளிப் போகும்வரை விடமாட்டார்களாம். சரணாலயத்தில் தூண்டிலும் வேட்டையே என்று 2012-இல் இது நிறுத்தப்பட்டது. காலிபோரேயில் 1998 முதல் அதுவரை பிடித்துவிட்ட 6,161 மாசீர்களின் குறிப்பை ஆராய்ந்தபோதுதான், நீலத்துடுப்பு மாசீர் பெருக, காவிரிக்கே உரிய திமில் மாசீர் அருகிவருவது கணக்கோடு தெரியவந்தது. 2018-இல் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. தடை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. உண்ணாத மீனுக்கு முள் போடுவதே வீண் கொடுமை என்பது ஆயாவின் கட்சி. அவளோடு வாதாடி இதுவரை நான் வென்றதில்லை.

இவ்வளவும் படித்துத் தெளிந்தவனாக, சென்ற ஆடியில் மறுபடி ஏரிக்குப் போனேன். முள்ளின் எதிர்க்கொக்கியைக் கொறடால் நசுக்கி மழுக்கியிருந்தேன். கையை நனைத்துக்கொண்டேன். மீன் முள்ளை விழுங்கியிருந்தால் இழுக்காமல் நூலை வாயருகே வெட்டிவிட வேண்டும் என்பதும் மனப்பாடம். வெயிலுக்கு முன், விடிந்தும் விடியாத நேரம். இரண்டு கெண்டைகளைத் தண்ணீரை விட்டு எடுக்காமலே கழற்றி விட்டேன், சரேலென்று போய்விட்டன. என் படிப்பைக் குறித்து எனக்கே பெருமை பொங்கியது.

மூன்றாவதாக முழங்கை நீள விரால் ஒன்று சிக்கியது. நெடுநேரம் போராடியது. முள்ளைக் கழற்றி, காவிரித் தூண்டில்காரர்களைப் போல, அதன் தலையை நீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது திமிறத் திமிற, 'இன்னும் களைப்புத் தீரவில்லை' என்று இறுக்கினேன். கரையில் பல் துலக்கிக்கொண்டிருந்த நகரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், வலை போட்டுப் பழகிய கை போலும், பதறி ஓடி வந்தார். "ஒதிலெய் நைனா, ஒதிலெய்! அது மேல வந்து மூச்சு வாங்கற சேப! முழுக வச்சே கொன்னுடுவே!" என்று கத்தினார்.

கையை எடுத்தேன். விரால் சாய்ந்தபடி மேலே வந்து, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து ஒரு மிடறு காற்றை விழுங்கியது. சிறிது நேரம் அப்படியே நின்றது. மறுபடி ஒரு மிடறு. பிறகுதான் தாமரை இலைகளுக்கு அடியில் மறைந்தது. சந்தையில் அன்னக்கூடையில் கையளவு நீரில் விராலை உயிரோடு வைத்து விற்பதை நூறு முறை பார்த்தவன் நான். கெண்டைக்குக் காற்று எமன். விராலுக்குக் காற்றில்லாவிட்டால் எமன். கண்முன் இருந்ததைக் கோட்டைவிட்டு, காவிரி வரை போய்ப் பாடம் கற்றிருக்கிறேன்!

அந்தப் பெரியவர் இன்னொன்றும் கேட்டார்: "ஜிலேபி விழுந்தா அதையும் விடுவியா?" எனக்கு விடை தெரியவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து 1952-இல் இந்நாட்டுக்கு வந்த மீன் அது. வந்த இடத்தில் நம் கெண்டையின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. அதைத் திரும்ப விடுவது ஏரிக்குச் செய்யும் உதவியாகுமா? கிருத்திகை கழிந்தால் ஜிலேபியைச் சட்டிக்கு அனுப்பிவிடுவது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை, மலைக்குப் போகுமுன், கரையை ஒரு சுற்று சுற்றி வந்தேன். ஆயாவும் கூடவே வந்தாள். நாணல் ஓரத்தில் ஒன்றும் மிதக்கவில்லை. "பருந்து தூக்கிட்டுப் போயிருந்தா உனக்கெப்படித் தெரியும்?" என்று கேட்டாள். தெரியாதுதான் என்றேன். இருவரும் பேருந்துக்கு நடந்தோம்.